சங்கிலித்தோப்பும் மந்திரி மனையும்: நல்லூர் அரச வளாகத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நல்லூர்க் கந்தனைக் கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலானோர் பருத்தித்துறை வீதியில் இன்னும் ஒரு கிலோமீட்டர் போவதில்லை. அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் முத்திரைச் சந்தி, சங்கிலியன் சிலை, யமுனா ஏரி, சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரி மனை, சட்டநாதர் கோயில் எல்லாம் இருக்கின்றன. போகிறவர்களும் வளைவின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். ஒழுங்காகப் பார்க்க அரை நாள் வேண்டும். அந்த அரை நாளை எப்படிச் செலவிடுவது, கட்டடத்தில் எதைக் கவனிப்பது, எங்கே பிழை விடுவார்கள் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறோம்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகரம் நல்லூர். 1450இல் கோட்டே அரசின் சார்பில் படையெடுத்து வந்த செண்பகப்பெருமாள் 1467 வரை இங்கிருந்து ஆண்டான். பிறகு ஆட்சி மீண்டும் ஆரியச் சக்கரவர்த்திகளிடம் வந்தது. முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டான். கடைசி அரசனான சங்கிலி குமாரன் 1617இல் ஆட்சியைப் பிடித்தான். 1619இல் பிலிப் டி ஒலிவேறா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படையிடம் தோற்றுப் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் ஒலிவேறா நல்லூரின் பெருங்கோயிலை இடித்தான். நிர்வாகம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர்.

இந்த ஆண்டுகளைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலித்தோப்பிலும் மந்திரி மனையிலும் இன்று நிற்கிற சுவர்கள் 1619க்கு முந்தியவை என்று காட்டக்கூடிய சான்று கட்டடத்தில் இல்லை. வளைவின் அமைப்பில் ஒல்லாந்தர் காலத்துச் சாயல் தெரிகிறது. மந்திரி மனையின் இன்றைய உருவம் அதற்கும் பிந்தியது. இதைக் கேட்டுச் சிலர் ஏமாந்துபோகிறார்கள், ஏமாற ஒன்றுமில்லை. அரண்மனை இருந்த நிலம் இதுதான் என்பதைப் பெயர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், மந்திரி மனை என்று காணிப் பெயர்களாகவும் ஊர் வழக்காகவும் நானூறு ஆண்டு தாண்டி அவை நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த நிலம் யாருடையதாக இருந்தது? இந்தச் சுவரை யார், எப்போது கட்டினார்கள்? இரண்டுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்று நினைப்பதால்தான் வழிகாட்டிப் பலகைகளிலும் முகநூல் பதிவுகளிலும் இவ்வளவு குழப்பம்.

எப்போது போவது

தை தொடக்கம் பங்குனி நடுப்பகுதி வரை மிக நல்லது. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, யமுனா ஏரியில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை வாடைக் காற்றோடு மழை. அந்த நாட்களில் மந்திரி மனைக்குக் கிட்டப் போவது ஆபத்து, காரணத்தைக் கீழே சொல்கிறோம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற வைகாசி முதல் ஆவணி வரை புழுதியும் வெக்கையும் கூட. ஆனால் ஏரியின் கட்டு அடிவரை தெரிவது அப்போதுதான்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி ஆவணி அமாவாசையில் தீர்த்தத்தோடு முடிகிறது. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். கட்டடம் பார்க்கவென்றே வருகிறவர்கள் அந்த 25 நாளைத் தவிர்ப்பது நல்லது.

நேரம் காலை 6.30 முதல் 10 வரை. இது வெயிலுக்காக மட்டும் சொல்வதில்லை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும். சாந்து பூசிய கையின் தடம், பின்னாளில் ஒட்டுப்போட்ட இடம், மேடு பள்ளம் எல்லாம் அந்தச் சாய்ந்த ஒளியில்தான் தெரியும். நண்பகலில் அதே சுவர் வெறும் வெள்ளையாகத் தெரியும். காலையில் நிழலில் கிடக்கும் பக்கத்தை மாலை 4.30க்குப் பிறகு வந்து பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி, அடி மூடிய சப்பாத்து, சின்ன ரோர்ச் லைற், 5 மீற்றர் அளவு நாடா, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான தடி, கொப்பி, பென்சில். கோயிலுக்குள்ளும் போவதாக இருந்தால் ஆண்கள் வேட்டி கட்டிக்கொள்வது நல்லது, மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். பெண்களுக்குச் சேலை அல்லது அடக்கமான உடை. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். ட்ரோன் பறக்கவிட நினைத்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதற்படி: கோயிலிலிருந்து முத்திரைச் சந்தி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போகிற பஸ்ஸில் ஏறி, நல்லூர்க் கோயிலடியில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஓட்டோவில் வந்தால் ஏறுமுன்பே காசைப் பேசிக்கொள்ளுங்கள். சைக்கிள் கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது, ஒழுங்கைகளுக்குள் அதுதான் சரிவரும்.

இன்றைய கந்தசுவாமி கோயில் 1734இல் இரகுநாத மாப்பாண முதலியாரால் இப்போதுள்ள இடத்தில் அமைக்கப்பட்டது. அரசர் காலத்துப் பழைய கோயில் இருந்தது முத்திரைச் சந்தியடியில், இன்று சென். ஜேம்ஸ் தேவாலயம் நிற்கிற வளவில் என்று கருதப்படுகிறது. கோயிலிலிருந்து சந்திவரை நடந்தே போங்கள். ஒரு கோயில் இருந்த இடத்துக்கும் அது திரும்ப எழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கால்தான் சரியாகச் சொல்லும். சந்தியில் சங்கிலியன் சிலை இருக்கிறது. முதலில் 1974இல் வைக்கப்பட்டது, இன்று நிற்பது 2011இல் புதுக்கித் திறந்தது. இங்கே அதிக நேரம் தேவையில்லை.

இரண்டாம் படி: யமுனா ஏரி

தேவாலயப் பக்கமாக உள்ள ஒழுங்கையில் யாரிடமாவது ‘யமுனாரி எங்கை?’ என்று கேளுங்கள், காட்டுவார்கள். பலகையை நம்பித் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள். சுற்றிலும் வீடுகள் இருப்பதால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்காமல், கேட்டுக்கொண்டு போங்கள்.

இது தமிழ் ‘ப’ எழுத்தின் வடிவில் வெட்டிக் கட்டிய கேணி. சிங்கை ஆரியன் என்ற அரசன் யமுனை நதி நீரைக் காவடிகளில் எடுப்பித்து இதில் கலந்தான் என்பது யாழ்ப்பாண வரலாற்றைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூல் தரும் மரபு. அரச குடும்பத்தார் நீராடிய இடம் என்றும் சொல்வார்கள். தோப்பு, கேணி, மாளிகை மூன்றும் ஒன்றாக இருந்த அரச வளவின் நீர்ப் பகுதி இது என்று கொண்டு பார்த்தால் அதன் இடம் விளங்கும்.

குடாநாட்டில் ஆறு கிடையாது. நிலத்தடியில் சுண்ணக்கல், அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கேணியை ஆழமாக வெட்டினால் அந்தப் படலத்தைத் தொடும். அதனால் கிணற்று நீர் ஏறி இறங்குவதைப் போலவே இதன் மட்டமும் மாரியில் ஏறி, கோடையில் இறங்கும். தை மாதத்தில் பார்ப்பவர் ஒரு குளத்தைப் பார்க்கிறார், ஆவணியில் பார்ப்பவர் கற்கட்டைப் பார்க்கிறார். முடிந்தால் இரண்டு பருவத்திலும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை: ‘ப’வின் இரு கால்களும் ஒரே அகலமா, மூலைகள் செங்கோணமாகத் திரும்புகின்றனவா, கட்டின் மேல்வரிசைக் கற்களும் கீழ்வரிசைக் கற்களும் ஒரே அளவா என்பது. மேல்வரிசை மட்டும் சீமெந்து பூசிப் புதிதாகத் தெரிந்தால் அது பிற்காலத் திருத்தம். படிகள் பாசி பிடித்து வழுக்கும், இறங்காதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சங்கிலித்தோப்பு வளைவு

அவசரப்படாமல் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு மணித்தியாலம் கொடுங்கள்.

முதலில் எட்ட நில்லுங்கள். கட்டடத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நின்றால்தான் முழு அளவும் ஒரே பார்வைக்குள் வரும். அரைவட்ட வளைவு, இருபுறமும் சுவரோடு ஒட்டிய தூண்கள், மேலே கிடையாக ஓடும் பட்டைகள். இவை மூன்றும் சேர்ந்த அமைப்பைத் திராவிடக் கோயிற் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் தூண், தூணின் மேல் போதிகை (உத்தரத்தைத் தாங்கும் தலைப்புக் கட்டை), அதன் மேல் உத்தரம், அதன் மேல் கற்பாவு என்று பாரம் நேரே கீழே இறங்கும். இடைவெளியைக் கடப்பது நீளமான ஒரே கல். வளைவில் அப்படியில்லை. சிறு கற்கள் ஆப்பு வடிவில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பாரம் கீழே மட்டும் இறங்காமல் இரண்டு பக்கமும் தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்கத்தான் இருபுறமும் தடித்த கட்டு தேவைப்படுகிறது. வளைவின் பக்கச் சுவரை இடித்தால் ஏன் வளைவே விழும் என்பதற்கும் காரணம் இதுதான். தனியே நிற்கும் இந்த வாயிலின் பக்கக் கட்டுகள் எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

வளைவு உண்மையில் அரைவட்டமா என்று தொடாமலே சோதிக்கலாம். வாயிலின் அகலத்தை நிலத்தில் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். நேராக முன்னால் நின்று ஒரு படம் எடுங்கள். படத்தில் வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி வரையுள்ள உயரத்தை அகலத்தோடு ஒப்பிடுங்கள். உயரம் அகலத்தின் பாதியாக இருந்தால் அரைவட்டம். குறைந்தால் தட்டையான வளைவு, கூடினால் கூர்வளைவு அல்லது நீட்டிய வளைவு. கைபேசியின் அகன்ற லென்ஸில் எடுத்தால் விளிம்புகள் இழுபட்டுக் கணக்குப் பிழைக்கும், சாதாரண லென்ஸில் எடுங்கள். கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தாலும் அதே பிழை வரும்.

மொத்த உயரத்துக்குத் தடி உதவும். ஒரு மீற்றர் தடியைச் செங்குத்தாக நிறுத்தி நிழலை அளவுங்கள். உடனே கட்டடத்தின் நிழலையும் அளவுங்கள். எடுத்துக்காட்டாக, தடியின் நிழல் 80 சென்ரிமீற்றர், கட்டடத்தின் நிழல் 4 மீற்றர் என்றால் உயரம் 5 மீற்றர். இரண்டு அளவுக்கும் இடையில் கால் மணித்தியாலம் போனால் நிழல் மாறிவிடும். நிலம் சரிவாக இருந்தாலும் கணக்கு ஒத்துவராது.

பிறகு கிட்டப் போங்கள். சாந்து உதிர்ந்த இடம் எங்காவது இருக்கும், அங்கேதான் கட்டடம் பேசும். உள்ளே முருகைக்கல்லா சுண்ணக்கல்லா என்று பாருங்கள். முருகைக்கல்லில் பவளப்பூச்சியின் சிறு சிறு அறைகள் ஒழுங்கான கோலமாகத் தெரியும். குடாநாட்டுச் சுண்ணக்கல் இறுக்கமாக, மஞ்சள் கலந்த வெள்ளையாக, இடையிடையே சிப்பித் தடங்களோடு இருக்கும். சுண்ணச் சாந்து வெள்ளையாக, மணற் பருக்கை தெரிய, இடையில் நீறாத சுண்ணாம்புக் கட்டிகள் வெண்புள்ளிகளாகப் பதிந்திருக்கும். சீமெந்து சாம்பல் நிறம், விளிம்பு கூராக உடையும். ஒரே சுவரில் இரண்டும் இருந்தால் சாம்பல் நிறப் பகுதி கட்டாயம் பிந்தியது. இதைப் பார்க்க நகத்தாலோ திறப்பாலோ சுரண்டவேண்டாம். ஏற்கெனவே உடைந்த இடமே போதும்.

ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களில் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் உண்டு. அரசின் கையொப்பம் அதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வாயிலின் அலங்காரத்தைப் பார்த்தால், இது வேறொரு காலத்தின் பழக்கத்தில் செய்தது என்பது சொல்லாமலே விளங்கும். அப்படியிருந்தும் ஊர் இதைச் சங்கிலியின் வாசல் என்றே காத்து வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர் என்று யாரும் இடிக்காமல் விட்டதற்கு அந்தப் பெயர்தான் காரணமாயிருக்க வேண்டும்.

நான்காம் படி: மந்திரி மனை

வளைவிலிருந்து இது கிட்ட, சட்டநாதர் கோயில் பக்கம். அரசனின் மந்திரி வாழ்ந்த இடம் என்பது ஊர் வழக்கு. கட்டடத்திலோ ஐரோப்பியப் பாணியும் யாழ்ப்பாணத்து மரவேலையும் கலந்து கிடக்கின்றன.

இங்கே பாதுகாப்பு முதல், பார்வை பிறகு. கூரை பல காலமாகப் பழுதாகி, 2025இல் பெய்த மழையில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆகவே சுவருக்கு மிக அருகில் நிற்காதீர்கள். சுவரின் உயரத்தைவிடக் கூடிய தூரம் விட்டு நில்லுங்கள். விழும் சுவர் தன் உயரத்தளவுக்கு எட்டும் என்று கணக்கு வையுங்கள். கயிறோ தடுப்போ கட்டியிருந்தால் அதைத் தாண்டவேண்டாம். மழை பெய்து இரண்டு மூன்று நாளுக்குள் போகவேண்டாம். ஊறிய சுவர் பாரம் கூடி, சாந்து இளகி இருக்கும். பெரும்பாலும் மழைக்குள் விழுவதை விட மழை விட்டபின் விழுவதுதான் ஆளை மாட்டும். வளவுகளும் அக்கம்பக்கத்துக் காணிகளும் தனியாருடையவை, கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பற்றைக்குள் பாம்பு இருக்கும்.

எட்ட நின்று பார்க்கவும் இங்கே நிறைய இருக்கிறது. முகப்பு மண்டபத்தின் மரத்தூண்களும் செதுக்கு வேலையும் முதலில் கண்ணில் படும். தூண் தலைப்பு உத்தரத்தைத் தாங்கும் விதத்தைக் கவனியுங்கள். அது கோயிலில் கல்லில் பார்த்த போதிகையின் வேலையை மரத்தில் செய்வது. அதற்குப் பின்னால் தடித்த சுவரும் வளைவு வைத்த திறப்புகளும் ஐரோப்பியப் பழக்கம். ஒரே வாசலில் இரண்டு தச்சுமரபு சந்திக்கிற அந்த இடத்தைத்தான் கமெராவில் பிடிக்கவேண்டும். பலர் முழுக் கட்டடத்தையும் ஒரு படத்தில் அடக்கப் பார்த்து, அதை விட்டுவிடுகிறார்கள்.

சிதைவின் ஒழுங்கையும் இங்கே படிக்கலாம், யாழ்ப்பாணத்துப் பழைய வீடு வைத்திருக்கிற யாருக்கும் பயன்படும் பாடம் அது. முதலில் ஓரிரண்டு ஓடு உடைகிறது. தண்ணீர் கூரை மரங்களான பனஞ் சலாகையிலும் வளையிலும் இறங்கி, மரம் சுவருக்குள் புகும் முனை உழுத்துப்போகிறது. முனை போனால் கூரை தாழ்ந்து, சுவரின் தலை திறந்துவிடும். சுண்ணச் சாந்துச் சுவருக்குப் பக்கத்தால் அடிக்கும் மழை பெரிதில்லை, தலையால் இறங்கும் தண்ணீர்தான் எமன். சாந்து கரைந்து ஓட, கல்லுக்கும் கல்லுக்கும் பிடிப்பு விட்டுப்போகும். அந்த இடுக்கில் பறவை எச்சத்தோடு விழும் ஆல், அரச விதை முளைத்து, வேர் ஆப்புப்போல் சுவரைப் பிளக்கும். மரத்தை வெட்டிவிட்டால் சரி என்று நினைப்பார்கள். உள்ளே விட்ட வேர் உக்கியதும் அந்த ஓட்டையால் திரும்பவும் தண்ணீர் போகும்.

இதற்கு மேல் சீமெந்து பூசுவதுதான் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரும் கேடு. சுண்ணச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டு மூச்சுவிடும். மேலே சீமெந்துத் தோல் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். குடாநாட்டு நிலத்தடி நீரில் உப்பு உண்டு. ஈரம் காயும் இடத்தில் உப்புப் படிகமாகி, பழஞ்சாந்தைப் பொடியாக்கும். சில ஆண்டில் சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று, பின்னாலிருந்த சுண்ணத்தையும் சேர்த்துக்கொண்டு விழும். சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளைப் பூப்போல் பூத்திருந்தால் அது உப்பு. பழஞ்சுவரைத் திருத்த வேண்டுமானால் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்ற அளவில் தொடங்கி, பழைய சாந்தோடு ஒப்பிட்டுக் கூட்டிக் குறைப்பதுதான் முறை. சுண்ணம் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்து மெதுவாக இறுகுவது. மெல்லிய பூச்சாகப் பூசி, சாக்கால் மூடி ஈரம் காக்கவேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும்.

வளைவும் மந்திரி மனையும் ஏரியும் தொல்பொருள் சின்னங்கள். இவற்றில் யாரும் தன்னிச்சையாக வெள்ளையடிக்கவோ ஒட்டுப்போடவோ கூடாது, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுவரில் பெயர் எழுதுவதும் குற்றம்.

ஐந்தாம் படி: காவற் கோயில்கள் (நேரமிருந்தால்)

நல்லூரைச் சுற்றித் திசைக்கொரு கோயிலை அரசர் அமைத்தார்கள் என்று மரபு சொல்கிறது: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். இப்போதைய கட்டடங்கள் பிற்காலத்தவை. ஆனால் சைக்கிளில் நாலையும் ஒரு சுற்றுச் சுற்றினால், அரசரின் நகரம் எவ்வளவு பரப்பு, தோப்பும் அரண்மனையும் அதில் எந்தப் பக்கம் என்பது வரைபடம் இல்லாமலே பிடிபடும். மந்திரி மனையோடு சட்டநாதரில் தொடங்குவது வசதி.

பதிவு எடுப்பது

ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று தூரத்தில் படம் போதும்: முழு முகப்பு, ஒரு பகுதி, ஒரு நுணுக்கம். நுணுக்கப் படத்தில் அடிமட்டத்தைச் சுவரில் சாத்தாமல் பக்கத்தில் பிடித்து எடுங்கள், அளவு தெரியும். வெடிப்பு இருந்தால் அதன் மேல் முனையும் கீழ் முனையும் படத்தில் வரவேண்டும். நின்ற இடத்தையும் திகதியையும் கொப்பியில் குறியுங்கள். அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே இடத்தில் நின்று எடுத்தால் வெடிப்பு வளர்ந்ததா என்று ஒப்பிடலாம். வீட்டு அலுமாரியில் பழைய படம் வைத்திருப்பவர்கள் அதையும் திகதியோடு படியெடுத்து வையுங்கள். விழுந்துபோன பகுதியைத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

திரும்பும் வழியில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் அரை மணித்தியாலம் செலவிடலாம். செவ்வாய்க்கிழமைகளில் பூட்டியிருப்பது வழக்கம், ஆகவே கேட்டுக்கொண்டு வேறொரு நாளில் வெளிக்கிடுங்கள்.